தோம்பில் இல்லாத வீடு: முசலி ஊர்களின் நினைவும் நிலமும்

முசலிப் பிரதேசத்து ஊர் ஒன்றின் வரலாற்றை எழுதப் புறப்படும் எவருக்கும் முதலில் எதிர்ப்படுவது ஒரு கேள்விதான். எந்த ஆவணத்திலிருந்து தொடங்குவது? காணி உறுதிகள் 1990 இல் பெட்டகங்களோடு போயின. பள்ளிவாசல் நிருவாகக் கொப்பிகள் போயின. பாடசாலையின் வரவு இடாப்பும் சங்கக்கடைக் கணக்கும் போயின. இருபது வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது ஊரே போயிருந்தது. நின்றது காடு மட்டும்தான்.

ஆசிரியர் கலாசாலையில் எனக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர், ஆவணம் இல்லையேல் வரலாறு இல்லை என்று அடிக்கடி சொல்வார். நல்ல மனிதர். அகதி முகாமிலிருந்து வந்து முன்வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வாசகம் ஒரு தீர்ப்பைப் போலக் கேட்டது. அப்படியென்றால் எனது ஊருக்கு வரலாறு இல்லையா? அன்று கேட்கத் துணியாத அந்தக் கேள்விக்கு, இப்போது நாற்பதைத் தாண்டிய வயதில், ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாராக நின்று எனக்குத் தெரிந்த அளவில் ஒரு பதிலைச் சொல்லிப் பார்க்கிறேன்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அருவியாற்றுக்கும் மோதரகம் ஆற்றுக்கும் இடையில் கடலோரமாகக் கிடக்கும் நிலம் முசலி. சிலாவத்துறை, கொண்டச்சி, பொற்கேணி, அகத்திமுறிப்பு, பாலைக்குளி, கரடிக்குளி, மறிச்சுக்கட்டி என்று நீளும் முஸ்லிம் ஊர்களும், அரிப்பு, முள்ளிக்குளம் போன்ற கத்தோலிக்கத் தமிழ் ஊர்களும் பக்கம் பக்கமாக இருந்த பூமி. இந்தக் கரையைப் பற்றி எழுத்தில் பதிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறைய உண்டு. ஆனால் அது முத்தைப் பற்றிய எழுத்து. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். எத்தனை வள்ளம் இறங்கியது, எத்தனை சிப்பி ஏறியது, எவ்வளவு வருமானம் கிடைத்தது என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு அரிப்புக் கடலோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருக்கிறது. அதற்கும் குறிப்புகள் உண்டு. முத்துக் காலம் ஓய்ந்தபின் அங்கேயே இருந்து குளம் கட்டி வயல் செய்தவனின் வீடு மட்டும் அந்தப் பக்கங்களில் இல்லை. அரசுகள் தமக்குத் தேவையானதைத்தான் எழுதி வைக்கின்றன.

*

1990 ஒக்டோபரில் நடந்ததை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி, இரண்டு வாரங்களுக்குள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். மன்னாரில் சில நாள் அவகாசம் கிடைத்தது. மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் இதனை ஓர் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். அது போதுமானதா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. உம்மா ஒரு கையில் தங்கச்சியையும் மற்றக் கையில் குர்ஆனைச் சுற்றிய துணிப்பொட்டலத்தையும் பிடித்திருந்தது நினைவிருக்கிறது. கொஞ்சத் தூரம் டிரக்டர்ப் பெட்டியில், பிறகு காட்டு வழியே நடை. கதவைச் சாத்திக்கொண்ட அயலவரும் இருந்தார்கள். கூடவே நடந்து வந்து அழுதுவிட்டுத் திரும்பியவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு புத்தளம், ஆலங்குடா, கிடுகுக் கொட்டில், நிவாரண அரிசி. கொட்டிலில் குப்பி விளக்கு வைத்துப் படித்தேன். 2002 இன் சமாதானக் காலத்தில் சிலர் ஊர் திரும்பினார்கள். 2007 இல் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது அவர்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். 2009 இல் யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்புதல் உண்மையில் தொடங்கியது.

திரும்பியபோது எமது ஊரில் நிலத்தை அடையாளம் காட்டியவை மூன்றே மூன்று. பள்ளிவாசல் ஹவுழின் ஒரு சுவர், ஒரு கட்டுக்கிணறு, மையவாடியின் மீஸான் கற்கள் சில. மற்ற இடமெல்லாம் பாலையும் வீரையும் முட்பற்றையும். வாப்பா கிணற்றிலிருந்து கவடு வைத்து எண்ணிக்கொண்டு போய், ஓர் இடத்தில் நின்று, இதுதான் நமது திண்ணை என்றார். நாங்கள் நம்பினோம். நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

*

இருபது வருடம் ஆளில்லாத நிலத்தில் காடு வளர்வது இயற்கை. அந்தக் காட்டைக் காகிதத்திலும் காடு என்று எழுதியபோதுதான் பிரச்சினை வந்தது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. 2015 இல் வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்ற பெரும் கூச்சல் எழுந்தது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என்ற பெயரில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் நிலம் இன்னொரு வர்த்தமானிக்குள் போனது. மறிச்சுக்கட்டிப் பள்ளிவாசல் முன்றலில் மக்கள் வாரக்கணக்கில் அறவழிப் போராட்டம் இருந்தார்கள். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு வனப்பகுதியில் மீள்குடியேற்றத்துக்காக அழிக்கப்பட்ட காட்டை மீள உருவாக்குமாறு தீர்ப்பளித்தது. காட்டைக் காப்பது அவசியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எது ஆதியிலிருந்தே காடு, எது 1990 க்குப் பிறகு காடானது என்பதை எதைக் கொண்டு பிரித்தறிவது என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது. எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், புவியியலாளராகத் தனது வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்கே செலவிட்டார். முசலி தெற்கின் மீள்குடியேற்றம் பற்றி 2015 இல் தனி நூலே எழுதினார். 2018 இல் அவர் மௌத்தானபோது எமக்காகக் கணக்கு வைத்திருந்த ஒருவரை இழந்தோம்.

ஒரு அரச அலுவலகத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம், இங்கே ஊர் இருந்ததற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். மையவாடியைக் காட்டினோம். அது போதாது என்றார்கள். அப்போதுதான் பள்ளிவாசல் நிருவாகம், சேர், நீங்கள் படித்த ஆள், எல்லாரையும் கேட்டு 1990 இல் ஊர் இருந்தபடி ஒரு வரைபடம் கீறித் தாருங்கள் என்று என்னிடம் வந்தது.

*

வரைபடம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு நூல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன் உருவாக்கி, 2011 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல் அது. அதன் தலைப்பை ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று தமிழில் சொல்லலாம். யுத்தத்தால் வீடிழந்த தமிழ் பேசும் மக்கள் சுமார் எண்பது பேரிடம், நீங்கள் விட்டு வந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து கீறித் தாருங்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். கீறியவர்கள் ஓவியர்கள் அல்லர், சாதாரண மனிதர்கள். கோணல்மாணலான அந்தக் கீறல், அதனைக் கட்டடக் கலைஞரின் முறைப்படி அளவாக்கிய இன்னொரு வரைபு, பிறகு அந்த வீட்டுக்காரரின் கதையை உள்வாங்கி ஓவியர் தீட்டிய ஒரு சித்திரம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகள். இதற்கு முன்பும், 2004 இல், எரித்துக் கட்டப்பட்ட யாழ். பொது நூலகத்தில் மக்கள் தம் வீடுகளில் வைத்திருந்த ஞாபகப் பொருட்களைச் சேகரித்து ஒரு காட்சி அமைத்தவர் அவர்.

தோம்பு என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. காணிகளையும் குடிகளையும் பதிந்த இடாப்பு அது. ஒல்லாந்தர் அதனை விரிவாக்கினார்கள். தலைத்தோம்பில் குடும்பமும் அது செய்ய வேண்டிய ஊழியமும் இருக்கும். காணித்தோம்பில் நிலமும் மரங்களும் இருக்கும். வரி எடுக்கவும் ஊழியம் வாங்கவும் ஆட்சியாளன் குடிமக்களை எண்ணி வைத்த கொப்பி. சனாதனன் அதே பெயரை எடுத்துக்கொண்டு, எண்ணும் உரிமையைக் குடிமக்களின் கையில் கொடுத்திருக்கிறார். கலை என்றால் அழகான படம் என்று மட்டும் விளங்கி வைத்திருந்த எனக்கு, கலையும் வரலாற்று ஆராய்ச்சியின் ஒரு முறையாக இருக்க முடியும் என்று அந்த நூல்தான் காட்டியது. ஆனால் தலைப்பில் இருந்த ‘முற்றுப்பெறாத’ என்ற அடைமொழியை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடக்கத்துக்காகச் சொன்னதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

*

2017 இல், பிரிஸ்டல் போட் நான்கை ஒட்டி, அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் விரித்தோம். ஊரின் மூத்த ஆண்கள் ஏழு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். எனது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சில் பிடித்தார்கள். முதலில் பள்ளிவாசல், பிறகு பெரிய றோட்டு, பாடசாலை, சங்கக்கடை, குளக்கட்டு, வயல்வரம்பு. பிறகு வளவு வளவாக வீடுகள். ஒவ்வொரு வளவுக்கும் உரியவரின் பெயர், வாப்பாவின் பெயர், உறுதிக் காணியா பேர்மிட் காணியா என்ற விபரம். சச்சரவுக்கும் குறைவில்லை. புளியமரம் கிணற்றுக்கு வடக்கா தெற்கா என்று இரண்டு பேர் மஃரிப் பாங்கு சொல்லும்வரை வாதாடினார்கள். நான்கு நாளில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் வந்துவிட்டன. எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் வீட்டை நானே கீறினேன். உம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். “குசினிய ஏன் இந்தப் பக்கம் வெச்சிருக்கிறாய்? இது ஆலங்குடாக் கொட்டில்ட குசினி மகன்.” சரிதான். பத்து வயதில் விட்டு வந்த வீட்டின் மேல், பதினைந்து வருடம் இருந்த கொட்டில் எனக்குத் தெரியாமலே ஏறி உட்கார்ந்திருந்தது. பென்சில் பிடித்த பிள்ளைகளில் ஒருத்தி அன்று கேட்டாள்: “சேர், நான் பிறந்தது புத்தளத்தில. என்ட ஊர் எண்டு நான் எதக் கீறுற?” அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. நல்ல பதிலாக இருந்திருக்காது.

ஊரிலேயே வயதில் மூத்த பெண்மணி ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் மூத்தம்மா. அவரையும் கேட்போம் என்று பிள்ளைகள்தான் சொன்னார்கள். பென்சிலை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார். “நான் எழுத்தாணியே புடிச்சதில்ல வாப்பா, என்னத்தக் கீற?” பிறகு ஏதோ யோசித்தவராக முற்றத்து மணலைக் கையால் தடவி ஒப்பமாக்கினார். சிரட்டைகளும் புளியங்கொட்டைகளும் எடுத்து வரச் சொன்னார்.

அவர் பள்ளிவாசலில் இருந்து தொடங்கவில்லை. கிணற்றில் இருந்து தொடங்கினார். கிணற்றுக்குப் போகும் ஒழுங்கை, வேலிகளில் பெண்கள் புகுந்து போய்வர விட்டிருந்த பொட்டுகள், குளத்தில் பெண்கள் குளிக்கும் துறை, விறகு பொறுக்கும் பற்றை, பிரசவத்தில் போன ஒரு பிள்ளையை அடக்கிய மூலை. எங்கள் பெரிய றோட்டு அவரது ஊரில் ஒரு ஓரத்தில்தான் கிடந்தது. பொட்டுகளின் வழியே பார்த்தால் யார் வீட்டுக்கு யார் உறவு, யார் யாரோடு பேசமாட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. ஏழு ஆண்களும் நானும் நான்கு நாளாகக் கீறியதில் இதில் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் குளக்கட்டுக்கு அப்பால் மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்தார்.

“இது ஆருட வீடு மூத்தம்மா?”

“இது மருத்துவிச்சிட. மத்தது ரெண்டும் அவட சகோதரமாக்கள்ட.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “உன்னையும் அவதானே கையேந்தினா. உம்மா சொல்லல்லியா?”

அந்த மருத்துவிச்சி கத்தோலிக்கத் தமிழ்ப் பெண்மணி. ஊரின் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவரது கையில் பிறந்தவர்கள். 1990 இல் நாங்கள் புறப்பட்ட காலை ஒரு பானைச் சோறு சமைத்துக் கொண்டுவந்து கொடுத்ததும், மூத்தம்மா தனது இரண்டு ஆடுகளை அவரிடம்தான் அவிழ்த்துக் கொடுத்ததும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பிறகு யுத்தம் அவர்களையும் எங்கேயோ கொண்டுபோய்விட்டது. எங்கே என்று மூத்தம்மாவுக்குத் தெரியாது.

*

அன்றிரவே நிருவாகத்திடம் போய், மூன்று வீடுகள் விடுபட்டிருக்கின்றன என்றேன். யாரும் மறுக்கவில்லை. எல்லாருக்கும் அந்த வீடுகள் ஞாபகம் இருந்தன. ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: “சேர், மனு போடுறது நம்மட காணிக்கு. அவங்கட வீட்டையும் போட்டால், ஊர் ஆருடதெண்டு வேற கேள்வி வரும்.” அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் இழந்தவன் எதையும் விட்டுக்கொடுக்கப் பயப்படுவான். மூன்று வீடுகள் இல்லாமலே வரைபடம் மனுவோடு போனது. வரைந்தவர் என்ற இடத்தில் நான் கையொப்பம் இட்டேன்.

அந்தக் கையொப்பத்துக்குப் பிறகுதான் ‘முற்றுப்பெறாத’ என்ற சொல் எனக்கு விளங்கியது. அத்தாட்சிக்காகக் கீறும் வரைபடம் முழுமையானது என்று சாதித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகம் ஏற்காது. அப்படிச் சாதிக்கும்போது அது யாரையாவது வெளியே தள்ளுகிறது. வர்த்தமானி எங்கள் ஊரைக் காடு என்று எழுதியது. நாங்கள் மருத்துவிச்சியின் வளவை வெறும் நிலம் என்று எழுதினோம். இரண்டும் ஒரே அளவான அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். வெளியேற்றப்பட்டவனும் தனது நினைவிலிருந்து இன்னொருவரை வெளியேற்றக்கூடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பலஸ்தீனத்தின் அனுபவத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1948 இல் அழிக்கப்பட்ட 418 கிராமங்களை வாலித் காலிதி 1992 இல் வெளிவந்த நூலில் ஒவ்வொன்றாகப் பதிந்தார். 2001 இல் எமிலி ஜாசிர் என்ற பலஸ்தீன ஓவியர், நியூயோர்க்கில் ஓர் அகதிக் கூடாரத்தை விரித்து, அந்த 418 பெயர்களையும் அதில் நூலால் தைக்கத் தொடங்கினார். தைப்பதற்குப் பலரும் வந்தார்கள். அந்த ஊர்களில் வேரூன்றிய பலஸ்தீனர்கள் வந்தார்கள், இஸ்ரேலியரும் வந்தார்கள். கூடாரம் முழுவதும் தைத்து முடியவில்லை. பல பெயர்கள் பென்சில் கோட்டோடு நின்றன. அதை அவர் அப்படியே காட்சிக்கு வைத்தார்.

எமது பக்கத்து முள்ளிக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 இல் அந்தக் கத்தோலிக்கத் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டு, ஊர் கடற்படை முகாமானது. 2017 இல், எங்களவர்கள் மறிச்சுக்கட்டியில் உட்கார்ந்திருந்த அதே நாட்களில், அவர்களும் தமது ஊர் எல்லையில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பகுதிக் காணி விடுவிக்கப்படும் என்ற அறிவிப்பு அதன் பிறகுதான் வந்தது. இரண்டு போராட்டங்களுக்கும் இடையே சில மைல் தூரம்தான். இரண்டு தரப்பும் தத்தம் ஊரைத் தனித்தனியாகக் கீறிக்கொண்டிருக்கின்றன. இரண்டு கடதாசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முசலி முழுதாகத் தெரியும்.

எங்கள் பாடசாலைச் சுவரில் இப்போது ஒரு வரைபடம் தொங்குகிறது. மனுவோடு போனது அல்ல. மூத்தம்மாவின் மணல் வரைபடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் மறுபடி கீறியது. பொட்டுகள் எல்லாம் அதில் உண்டு. குளக்கட்டுக்கு அப்பால் மூன்று வீடுகள் உண்டு. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் ஒரு மூலையில் ஆலங்குடாக் கொட்டில் வரிசையும் உண்டு. மூத்தம்மா 2021 இல் மௌத்தானார். அவரைக் கேட்காமல் விட்டிருந்தால் அந்த மூன்று வீடுகளும் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

ஆவணம் இல்லையேல் வரலாறு இல்லை என்ற எனது விரிவுரையாளரின் வார்த்தையை இன்று நான் முற்றாக மறுக்கவில்லை. ஆவணத்தை நாமே ஆக்கலாம் என்றும், ஆக்கும்போது ஒரு பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்றும் அவரிடம் சொல்வேன். வடக்கின் ஊர்களைச் சேர்ந்த வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால், இந்த வாரமே ஒரு கொப்பியோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பெண்களிடம் முதலில் கேளுங்கள். வேலிக்கு அப்பால் யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள்.